பெயர்ப் பட்டியலை எல்லோரும் திறக்கக்கூடிய வடிவில் அனுப்புங்கள்

தோட்ட மக்கள் வீடமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். புதிய மலிவு விலை வீடுகளுக்கான பெயர்ப் பட்டியலை நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பியதும், மறுப்புத் தெரிவிக்க ஒரு வாரம் கெடு வைத்ததும், அந்தக் கெடு முடிந்துபோனதும் உங்களுக்குத் தெரிந்த விஷயங்கள்தான். பட்டியலைத் திறக்க முடியவில்லை என்று அப்போதே சொன்னோம். "எங்களுக்குத் திறக்கிறதே" என்று பதில் வந்தது. அதனால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பியது ஐபோனில் எடுத்த படங்கள், எச்.இ.ஐ.சி. (HEIC) என்ற, ஐபோன் படங்களைச் சேமிக்கும் வடிவில் இருந்தன. எங்கள் கோயில் மண்டபத்துக் கணினி அறையில் இருப்பவை நன்கொடையாக வந்த பழைய கணினிகள், விண்டோசுக்குப் பதிலாக ஃபெடோரா லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடுபவை. சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் வீட்டில் கணினி இல்லாத தோட்டத்துக் குடும்பங்கள் அங்கேதான் வருகின்றன.

பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய பாட்டி ஒருவர் வந்தார். பிளாஸ்டிக் உறையில் போட்ட அடையாள அட்டையை மேசையில் வைத்து, "என் பேரு இருக்கா பாரு தம்பி" என்றார். திரையில் சாம்பல் நிறக் கட்டங்கள் மட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் கோப்பின் பெயர், உள்ளே ஒன்றும் இல்லை. மறுநாள் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். வாரக் கடைசியில் ஈப்போவிலிருந்து வரும் தொண்டர் தேவையான மென்பொருளைத் தேடிப் போட்டபோது கெடு தாண்டிவிட்டது. பாட்டியின் பெயர் பட்டியலில் இருந்தது. அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கம்தான் தவறு. பெண்களுக்கு அது இரட்டைப்படையில் முடியும். உங்கள் பட்டியலில் ஒற்றைப்படை. கண்ணில் பட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்போம். இப்போது முகப்பில் போய்க் கேட்டால், கெடு முடிந்துவிட்டது என்கிறார்கள்.

இணையத்தில் மாற்றிக்கொள்ளலாமே என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அந்தப் படங்களில் அத்தனை குடும்பங்களின் அடையாள அட்டை எண்ணும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத தளத்தில் அதை எப்படி ஏற்றுவது?

லினக்ஸ் மட்டமான சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். எச்.இ.ஐ.சி. கோப்புக்குள் படம் எச்.இ.வி.சி. என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது. 2013இல் தரநிலையாக வந்த முறை அது. அதன் காப்புரிமைகள் பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடக்கின்றன. உரிமம் தரும் கூட்டமைப்புகளும் ஒன்றுக்கு மேல் உருவாயின. அதைத் திறக்கும் நிரல் திறமூலமாகவே, அதாவது யாரும் பார்த்து நகலெடுக்கக்கூடியதாகவே, கிடைக்கிறது. ஆனால் நிரலை இலவசமாகத் தருபவரால் காப்புரிமைக்கான அனுமதியையும் சேர்த்துத் தர முடியாது. இத்தனை பிரதிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டவும் வழியில்லை. யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கும் மென்பொருளில் பிரதிகளை யார் எண்ணுவது? அதனால்தான் ஃபெடோரா அந்தப் பகுதியைச் சேர்க்காமலே வெளியிடுகிறது. வேண்டுபவர் வெளியார் நடத்தும் மென்பொருள் களஞ்சியத்தில் தேடிப் போட்டுக்கொள்ள வேண்டும். விண்டோசிலும் இதற்கான எச்.இ.வி.சி. நீட்சி என்ற கூடுதல் மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் இணையக் கடையில் விலை போட்டிருக்கிறார்கள். தன் பெயரைத் தேடும் ஏழைக்கு எதற்கு இந்தத் தண்டம்?

இது புதிதும் இல்லை. 1987இல் வந்த ஜிஃப் படங்களை உலகமே பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, 1994 கடைசியில், அதன் சுருக்க முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த யூனிசிஸ் நிறுவனம் மென்பொருள் செய்பவர்களிடம் கட்டணம் கேட்டது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பி.என்.ஜி. என்ற கட்டணமில்லாப் பட வடிவம். அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003இல்தான் காலாவதியானது. அவ்வளவு பட்ட பிறகும், பொதுமக்களுக்குப் போகும் தாளை மறுபடி இன்னொருவர் பூட்டுக்குள் வைத்து அனுப்புகிறோம். நம் மலேசியாவிலேயே, அரசு நிர்வாகத்தை நவீனமாக்கும் பிரிவான மம்பு (MAMPU) 2004இல் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. இருபது வருடங்கள் கழித்தும் ஒரு தோட்டத்துக் கணினி அறை இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

காப்புரிமைச் சட்டத்தை நீங்கள் மாற்ற வேண்டும் என்று கேட்கவில்லை. ஜேபெக் (JPEG) என்ற பட வடிவம் 1992லிருந்து இருக்கிறது. எந்தக் கணினியிலும் திறக்கும். ஐபோன் அமைப்புகளில் கேமரா பகுதிக்குப் போய், வடிவம் என்ற இடத்தில் அதிக இணக்கமானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதற்குப் பிறகு எடுக்கும் படமெல்லாம் ஜேபெக்காகவே விழும். அதைவிட நல்லது, பட்டியலைத் தட்டச்சு செய்த கோப்பையே பி.டி.எஃப். ஆக அனுப்புவது. தாளை ஒட்டி, அதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டிய தேவையே இருக்காது.

ஆகவே தயவுசெய்து பட்டியலை ஜேபெக்கிலோ பி.டி.எஃப். வடிவிலோ மறுபடி அனுப்புங்கள். இனி வரும் அறிவிப்புகளையும் அப்படியே அனுப்புங்கள். பட்டியலைத் திறக்க முடியாமல் போனவர்களுக்கு, மறு அனுப்புதல் கிடைத்த நாளிலிருந்து ஒரு வாரம் கொடுங்கள். பாட்டியின் எண் திருத்தத்தை அந்தக் கெடுவுக்குள் வந்ததாகவே ஏற்றுக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய கைரேகை வைத்த கடிதமும் அடையாள அட்டை நகலும் உங்கள் முகப்பில் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டன.

இப்படிக்கு,
கோயில் மண்டபக் கணினி அறைப் பொறுப்பாளர்,
சுங்கை சிப்புட், பேராக்