‘ஓ’ பெற்றோருக்கு ‘பி’ பிள்ளை

ஆசிரியருக்கு வணக்கம். தாய், தந்தை இருவரும் ‘ஓ’ வகை என்றால் பிள்ளையும் ‘ஓ’தான் என்று மெண்டலின் மரபு விதியை வைத்துப் பள்ளியில் சொல்லித் தருகிறோம். பெரும்பாலும் சரிதான். ஆனால் 1952-இல் மும்பையில் டாக்டர் பெண்டே குழுவினர் கண்டறிந்த ‘பாம்பே’ ரத்த வகை இதற்கு விலக்கு. ரத்த வகையைத் தீர்மானிக்கும், சிவப்பணுக்களின் மேலுள்ள ஏ, பி ஆன்டிஜென்கள் (அடையாளப் பொருள்கள்) உருவாக ‘எச்’ என்ற மூலப்பொருள் வேண்டும். அது உருவாகாதவருக்கு ‘பி’ மரபணு இருந்தாலும் சாதாரணச் சோதனையில் ‘ஓ’ என்றே வரும். துணையிடமிருந்து ‘எச்’ மரபணு கிடைத்தால் பிள்ளை ‘பி’ வகையாகப் பிறக்கலாம். இது தெரியாமல் ரத்த வகைச் சீட்டை நீட்டித் தாயைச் சந்தேகிப்பது பெருங்கொடுமை. பாடநூலில் விதிக்குப் பக்கத்திலேயே இதையும் அச்சிட வேண்டும். அப்புறம், பாம்பே வகையினருக்கு ‘எச்’ உள்ள சாதாரண ‘ஓ’ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

– உயிரியல் ஆசிரியை, திண்டுக்கல்