கெப்பின் கீழே விழும் சொட்டு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ அனுப்பிய படத்தைக் கடையில் வைத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கெப்புக்கு, அதுதான் நம் பிக்கப் வண்டிக்கு, கீழே ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு. "கியர் பொக்ஸை இறக்க வேணும் எண்டு சொல்லுறாங்கள், என்னம்மா செய்ய?" என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு ஒன்றையும் இறக்கவிடாதே. எங்கிருந்து வடிகிறது என்று இன்னும் ஒருவரும் பார்க்கவில்லையே. தொலைபேசியில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் விழுவது என்ன என்று பார். இரவில் ஒரு காட்போட் மட்டையைக் கீழே விரித்துவிட்டு, காலையில் சொட்டை விரலில் எடுத்துத் தேய். கியர் ஒயில் என்றால் பிசுபிசுவென்று தடிப்பாக இருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் கந்தக நெடி அடிக்கும். அந்த நெடியை ஒருமுறை பிடித்தால் பிறகு மறக்காது. டீசல் எஞ்சின் ஒயில் கரியாகக் கறுத்து, இதைவிட இளக்கமாக இருக்கும். தண்ணீர் போல மெலிதாக, பெயின்ற்றை உரிக்கக் கூடியதாக இருந்தால் அது கிளச் சிலிண்டரிலிருந்து வரும் பிரேக் ஒயில். மூன்றுக்கும் மூன்று வைத்தியம். கிளச் மூடிக்குக் கீழே சொட்டினால் எல்லோரும் கியர் பொக்ஸைத்தான் பழி சொல்வார்கள், ஆனால் எஞ்சினின் பின் சீல் (ஒயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போனாலும் அதே இடத்தில்தான் சொட்டும்.

கியர் ஒயில்தான் என்றால் அடுத்தது கழுவுதல். ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போகும். அதனால் சொட்டு விழுகிற இடம் வேறு, வடியத் தொடங்கிய இடம் வேறு. கியர் பெட்டி முழுவதையும் மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு தேய்த்து, துடைத்து, காயவிடு. பிறகு ஒரு 20 கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து டோர்ச் அடித்துப் பார். ஈரமாக இருக்கும் இடங்களில் எது எல்லாவற்றிலும் மேலேயும் முன்னாலேயும் இருக்கிறதோ, அதுதான் ஊற்று. ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதே. ஸ்ராண்ட் வைத்து, சில்லுக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் படுக்க வேண்டும். இதை அப்பா எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும்.

இந்த வகைக் கெப்பில் நான் முதலில் சந்தேகப்படுவது பெட்டியின் வால்பக்கம், புரொபெலர் சாஃப்ட் (பின் சில்லுகளைச் சுழற்றும் நீளத் தண்டு) உள்ளே நுழையும் இடத்துச் சீலைத்தான். மீற்றர் கேபிள் பூட்டும் இடத்தில் இருக்கும் சின்ன ரப்பர் வளையமும் ரிவேர்ஸ் லைட் சுவிச்சும் கசியும். அவை சில்லறை வேலை. இன்னொன்றை ஒருவரும் பார்ப்பதில்லை: பெட்டிக்கு மேலே ஒரு சிறிய மூச்சுக் குழாய் இருக்கும். அது சேற்றில் அடைபட்டால், சூடேறும்போது உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு ஒயில் வெளியே வரும். கிளிநொச்சிப் புழுதிக்கு அது அடைபடாமல் இருந்தால்தான் அதிசயம். சீலை மாற்றுவதற்கு முன் அதைச் சுத்தம் செய்.

உனக்கு ஞாபகம் இருக்காது, 2004இல் நீ சின்னப் பிள்ளை. இதே கெப்பில்தான் புத்தளத்துக்குப் போனோம். அதற்கு முன்பே சொட்டிக்கொண்டுதான் இருந்தது. காட்டிய இடத்தில் "கொஞ்சம் கசிவுதானே, ஓடலாம்" என்றார்கள். அப்பாவுக்கும் அந்த மாதம் வேலை நெருக்கம், அதனால் அவரும் விட்டுவிட்டார். சிலாபம் தாண்டியதும் ஐந்தாவது கியரில் ஒரு கீச்சுச் சத்தம், பிறகு அரைக்கிற சத்தம், பிறகு கியர் லீவர் கையில் துடித்தது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே இரண்டு கோப்பை ஒயில்கூட இல்லை. ஐந்தாவது கியரின் பற்கள் நீலம் பாய்ந்திருந்தன. இரும்பு அவ்வளவு சூடாகியிருக்கிறது. அந்தப் பல்லை அப்பா ஒரு துணியில் சுற்றிக் கனகாலம் வைத்திருந்தார். இப்போது உன்னிடம் இருப்பது அதற்குப் பிறகு பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கிப் பூட்டிய பெட்டி.

ஆகவே தம்பி, ஒயில் மட்டத்தை இன்றைக்கே பார். வாகனத்தைச் சம தரையில் நிறுத்து. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் நிரப்பு ஆணியைக் கழற்றி விரலை உள்ளே வளைத்து விடு. துவாரத்தின் கீழ் விளிம்பில் ஒயில் தொட வேண்டும். தொடவில்லை என்றால், வழியத் தொடங்கும் வரை விடு. வாகனப் புத்தகத்தில் 75டபிள்யூ-90 என்று ஒயிலின் தடிப்பு எண் போட்டிருக்கும். தடிப்பானதை விட்டால் கசிவு நிற்கும் என்று யாராவது சொன்னால் கேளாதே. முழு ஒயிலையும் மாற்றும்போது ஒருபோதும் ஒயில் வடிக்கும் கீழ் ஆணியை முதலில் கழற்றாதே. மேலே இருக்கும் நிரப்பு ஆணி இறுகிப்போய் வராவிட்டால் வெறும் பெட்டியோடு நிற்பாய். கீழ் ஆணியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும், அது தேய்மானம், பரவாயில்லை. துண்டு துண்டாக இரும்போ, பொன்துகள் மாதிரி மினுமினுப்போ கண்டால் படம் எடுத்து அனுப்பு. ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான பெட்டியோடு வாய்க்காலில் இறக்கிக் கழுவினால் அது குளிர்ந்து மூச்சுக் குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சும். இனி அப்படிக் கழுவாதே. வடித்த ஒயிலையும் வயல் பக்கம் ஊற்றாமல் ஒரு கலனில் எடுத்து வை.

வால் சீல்தான் என்று உறுதியானால் பெட்டியை இறக்கத் தேவையே இல்லை. பின்னால் சாஃப்டைக் கழற்றுவதற்கு முன், அது பூட்டியிருக்கும் மூட்டின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே கோடாகச் சோக்கால் கீறிவிடு. மாறிப் பூட்டினால் ஓடும்போது உதறும். இழுத்தால் ஒயில் கொட்டும், சட்டி வை. இழுப்பதற்கு முன் சாஃப்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். கடகடவென்று ஆடினால் உள்ளே புஷ் (சாஃப்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்துவிட்டது. அதை விட்டுவிட்டுச் சீல் மட்டும் போட்டால் மூன்று மாதத்தில் திரும்பவும் சொட்டும். அப்புறம் சீல் உரசும் இடத்தை நன்றாகத் துடைத்து நகத்தை ஓடவிடு. நகம் தடக்கென்று மாட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் சீல் சரியில்லை என்று கொண்டுவந்து தருவார்கள். சீலில் ஒன்றும் இருக்காது, சாஃப்டில் நகம் மாட்டும்.

புதுச் சீலின் உதட்டில் ஒயில் தடவு. சுருள் கம்பி தெரிகிற பக்கம் பெட்டிக்கு உள்ளே பார்க்க வேண்டும். சீலின் அகலத்துக்குப் பொருந்தும் குழாய்த் துண்டை வைத்து, சுற்றிவரச் சமமாகத் தட்டு. ஒரு பக்கமாக அடித்தால் தகடு நெளியும். அவசரப்படாதே, பொறுமையாகச் செய்தால் ஒரு மணித்தியாலம்.

கடைசியாக மாற்றியபோது எடுத்து வைத்த அளவு என் கொப்பியில் இருந்தது. அதன்படி இரண்டு சீல், புஷ் ஒன்று, ஆணிகளுக்கு வாசர், நான்கு லீற்றர் ஒயில் எல்லாம் பார்சலாகக் கட்டியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை இரவு வெள்ளவத்தையிலிருந்து போகும் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். விடியற்காலையில் ஏ9 வீதியில் நின்று வாங்கிக்கொள். கழற்றும் பழைய சீலை எறியாமல் கடுதாசியில் சுற்றித் திருப்பி அனுப்பு. அதன் உதடு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அம்மா
கொழும்பு