விடுமுறையில் வீட்டுக்கு வரும் தொட்டிச் செடிகள் குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

பிள்ளைகள் இந்த ஆண்டு முழுவதும் பள்ளித் தாழ்வாரத்தில் வளர்த்த தொட்டிச் செடிகளை, விடுமுறைக்கு அவரவர் வீட்டுக்கே கொடுத்தனுப்பத் தீர்மானித்திருக்கிறோம். ஆளுக்கொரு கறிவேப்பிலைக் கன்றோ துளசியோ வரும். மேல்வகுப்பில் சிலரிடம் அந்தூரியம் என்ற பூச்செடியும் இருக்கும்.

தமிழ்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்துச் செடி வளர்ப்பவர்கள் மாதக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று வகுப்பில் நாங்களே சொல்லித் தருகிறோம். நாம் இருக்கும் மொரீஷியஸிலோ ஆடி குளிர்காலம். அப்போது கறிவேப்பிலை இலை பழுத்து உதிர்ந்து குச்சியாக நிற்பதைக் கண்டு, பட்டுப்போயிற்று என்று பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. இப்போது அக்டோபரில் அது துளிர்க்கிறது. நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும், பூமொட்டு வந்தால் அதையும் கிள்ளிவிடலாம். புளித்த மோரில் நிறையத் தண்ணீர் கலந்து மாதம் ஒருமுறை ஊற்றினால் போதும்.

வெயிலும் இடம் மாறுகிறது. ஜூலையில் வடக்கிலிருந்து சாய்ந்து வராந்தாவுக்குள் விழுந்த வெயில், டிசம்பரில் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலே போய்விடுவதால், அதே வராந்தா நிழலாகிவிடும். ஆகவே துளசியைக் காலை வெயில் படும் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றுங்கள். அந்தூரியத்துக்கு நேர்வெயில் ஆகாது. இலையில் பழுப்புத் தழும்பு விழும். கடலோரத் தலைநகர் போர்ட் லூயிஸ் வெக்கையில் தினமும் தண்ணீர் கேட்கும் செடி, மேட்டுநிலத்துக் கியூர்பிப் தூறலில் பல நாள் கேட்காது. மண்ணில் இரண்டு கணு ஆழம் விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம்.

தொட்டிகளைச் சுவரோரம் வரிசையாக நிறுத்துவதைவிட, உயரமானதைப் பின்னாலும் குட்டையானவற்றை முன்னாலும் வைத்துக் கூட்டமாக அமைத்தால் கண்ணுக்கும் அழகு, ஈரமும் சற்று தங்கும். கரும்பு வெட்டு இன்னும் நடப்பதால், தெரிந்தவர்களிடம் ஒரு கை காய்ந்த கரும்புத் தோகை வாங்கி மண்மேல் பரப்பினால் வெயிலில் மண் பாளம் பாளமாக வெடிக்காது.

தொட்டியடித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். 2005, 2006 ஆண்டுகளில் சிக்குன்குனியா இத்தீவைப் பட்டபாடு படுத்தியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதைப் பரப்பும் கொசுவுக்கு அந்தத் தட்டே போதும். தட்டில் மணலை நிரப்பிவிடுங்கள்.

புயல் காலம் நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை நீளும். 2024 ஜனவரி 15 அன்று, தைப்பொங்கலன்றே, பெலால் புயல் போர்ட் லூயிஸ் தெருக்களை வெள்ளத்தில் மூழ்கடித்தது. வானிலை நிலையத்தின் இரண்டாம் கட்டப் புயல் எச்சரிக்கை வந்தவுடன் தொங்கும் தொட்டிகளை முதலில் இறக்கிவிடுங்கள். ஒருமுறை நான் சோம்பல்பட்டுக் கொக்கியிலேயே விட்டுவைத்த பெரணித் தொட்டி அண்டை வீட்டு ஜன்னலை உடைத்தது. கண்ணாடிக்கு நான் கொடுத்த பணத்தில் ஐம்பது பெரணி வாங்கியிருக்கலாம். கடலோரத்தில் இருப்பவர்கள், காற்று ஓய்ந்ததும் இலைகளில் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

ஜனவரியில் பள்ளி திறக்கும் நாளில் செடிகளைத் திருப்பி அனுப்புங்கள். பட்டுப்போயிருந்தால் கடையில் வேறொன்று வாங்கித் தர வேண்டாம்; பட்ட செடியையே தொட்டியோடு கொடுத்தனுப்புங்கள். வேரை உதறி, தண்ணீர் மிகுந்து அழுகியதா, குறைந்து காய்ந்ததா என்று பிள்ளைக்கே காட்டுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
மாலை நேரத் தமிழ்ப் பள்ளி