கியூடெக்ஸ் பூசின கல்லு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின படம் கிடைத்தது. லொஸ் ஏஞ்சலஸில் வில்ஷயர் வீதியோரம் நிற்கிற பத்து பேர்லின் மதில் துண்டுக்கும் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். "அப்பா, உங்கட மதில் இங்க நிக்குது" என்று கீழே எழுதியும் இருக்கிறாய். அம்மா வீட்டுக்கு வந்தவை போனவை எல்லாருக்கும் காட்டிவிட்டா.

அதில் ஒரு துண்டைப் பார்த்தவுடனே ஆர் கீறினது என்று எனக்கு விளங்கிவிட்டது. தியரி நுவார் என்ற பிரெஞ்சுக்காரன். 1984 இல் இங்கே மேற்கு பேர்லினில் குரொய்ஸ்பேர்க் பக்கம் மதிலில் கீறத் தொடங்கினவன். நகரத்தைக் கிழக்கு ஜேர்மனி பக்கம், மேற்குப் பக்கம் என்று பிரித்த மதில் அது. மதிலடி நிலம் கிழக்குக்குச் சொந்தம், மேற்கில் நின்று கீறினாலும் கிழக்குக் காவல்காரன் வந்து பிடிக்கலாம். அதாலதான் கொஞ்ச நிறம், பெரிய உதடு, ஒரே இழுவையில் ஒரு தலை. 85 இல் வந்து இறங்கின புதிதில் அந்தத் தலைகளைக் கண்டு, இந்த ஊர்ச் சனத்துக்கு விசர் என்று நினைத்தனான்.

நான் வந்த கதை உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். கொழும்பு, மொஸ்கோ, பிறகு கிழக்கு பேர்லின் ஷோனபெல்ட் விமான நிலையம். ட்ரான்சிற் விசாவைக் காட்டு, ஃபிரீட்ரிக்ஸ்ட்ராச ஸ்ரேசனுக்குப் போ, மேற்குக்கு ரயில் ஏறு. ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்தது அவ்வளவுதான். மேற்கில் இறங்கினால் பாஸ்போட் கேட்க ஒருத்தரும் இல்லை. மேற்கு அரசாங்கம் அதை எல்லை என்று காவல் போட்டால் நகரம் இரண்டானதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். அந்த ஓட்டைக்குள்ளால் எங்கட சனம் ஆயிரக்கணக்கில் வந்தது. பிறகு கிழக்கு அதை அடைத்துவிட்டது. அடுத்ததாக வர இருந்த சித்தப்பா கொழும்பிலேயே நின்றுவிட்டார்.

எனக்கு முத்திரை குத்தினது ஒரு கிழக்குக் காவல் பெடியன், என்னைவிட இளையவன். இன்றைக்கும் அவன்ர முகம் நினைவில் வரும். தன்ர சொந்த நகரத்தில் ஒரு ஸ்ரேசன் தள்ளிப் போக அவனுக்கு வழியில்லை. அந்த மதிலில் குறைந்தது 140 பேர் செத்திருக்கினம். நான் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு நடந்து போனனான்.

அப்ப நிறமெல்லாம் மேற்குப் பக்கம்தான், பிள்ளை. கிழக்கில் சனம் கிட்டப் போகவே ஏலாது, வெறும் கொங்கிறீற். ஈஸ்ட் சைட் கலரி என்று விட்டுவைத்த மதிலில் 1.3 கிலோமீற்றருக்குக் கீறியிருக்கினமே, அது கிழக்கைப் பார்த்த பக்கம்தான். ஆனால் கீறினது 1990 இல், எல்லாம் முடிந்த பிறகு. சோவியத் தலைவர் பிரஷ்னேவும் கிழக்கு ஜேர்மனித் தலைவர் ஹொனெக்கரும் வாயோடு வாய் கொஞ்சுகிற படத்துக்கு முன்னால் சனம் முண்டியடிக்கும். எங்கட வீட்டுக்கு வாற விருந்தாளிகளையும் நான்தான் கூட்டிக்கொண்டு போறனான், குறை சொல்லேல்ல. ஆனால் ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கிறதில்லை. 3.6 மீற்றர் உயரம். உச்சியில் உருண்டைக் குழாய் போட்டது கை பிடிபடாமல் வழுக்கிறதுக்கு.

அலுமாரிக்குள் இருக்கிற கல்லு ஞாபகமா? 89 நவம்பரில், மதில் திறந்த கையோடு, கோப்பை கழுவுகிற வேலை முடிந்து வாற வழியில், சுத்தியல் இரவல் வாங்கி உடைத்தது. நிறமில்லாத துண்டு. உனக்கு ஆறு வயதிருக்கும், அம்மா நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸை எடுத்துச் சிவப்பாகப் பூசிவிட்டாய். கடையில் விற்கிற கல்லெல்லாம் கலராக இருக்கு, எங்கட கல்லு மட்டும் ஏன் இப்பிடி என்று கேட்டாய். நான் ஏசிப்போட்டன். கடைக்காரர் பிறகுதான் ஸ்பிறே அடித்து விற்கினம் என்று சொல்லியிருக்கலாம். அப்ப வாயில் வரேல்ல. கியூடெக்ஸ் இன்னும் போகேல்ல, நானும் சுரண்டேல்ல.

இன்னொரு நாள் அந்தப் பக்கம் போனால் பின்னால் சுற்றிப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. அம்மா அனுப்பின மிளகாய்த்தூள் கிடைத்ததா? அவவுக்கு ஒருக்கா போன் எடு.

அன்புடன்,
அப்பா