சர்வீஸ் தவறினால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல்தான். கணுக்கால் வலி அப்படியே இருக்கிறது. உன் சர்க்கரை எப்படி?

மகள் வாலிபால் அணியிலிருந்து விலகப் போகிறாள், காரணமும் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தாய். பிளஸ் ஒன் படிப்புச் சுமை என்று நினைக்கிறாய். இருக்கலாம். ஆனாலும் ஒரு நாள் பயிற்சி நேரத்தில் போய் ஓரமாக நில். அவள் சர்வீஸ் வலையில் பட்டதும் கண் எங்கே போகிறது என்று மட்டும் கவனி. பந்தின் பின்னாலா, கோச் முகத்துக்கா?

நாம் ஆடிய காலத்தில் நமக்குக் கோச் முகம்தான். சர்வீஸ் தவறினால் அணி முழுக்க மைதானத்தைச் சுற்றும், தவறவிட்டவன் நின்று பார்க்க வேண்டும். ஓடுகிறவர்களைவிட நிற்கிறவனுக்குத்தான் மூச்சு முட்டும். வீங்கிய கணுக்காலை இரண்டு சாக்ஸ் போட்டு நான் மறைத்தது உனக்கு மட்டும்தானே தெரியும்! சொன்னால் 'நடிக்கிறான்' என்பார். இப்போது வலிப்பதும் அதே கால்தான்.

ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் என்று அமெரிக்க உளவியலாளர்கள் இருவர். தவறு செய்த பையனைத் திட்டாமல் தெம்பூட்டி, எப்படித் திருத்திக்கொள்வது என்று காட்டும்படி பேஸ்பால் கோச்சுகளைப் பழக்கினார்கள். 1992இல் வந்த ஆய்வில், அந்தக் கோச்சுகளிடம் ஆடியவர்களில் அடுத்த சீசனுக்கு வராதவர்கள் 5 சதவீதம். பழக்காத கோச்சுகளிடம் 26. வெற்றி தோல்வியில் பெரிய வித்தியாசமில்லை. உன் மகளைவிடச் சின்னப் பிள்ளைகள்தான், சரி. ஆனால் பதினாறு வயதில் மானம் இன்னும் பெரிதல்லவா?

அந்த உளவியலாளர்களே முன்பு கண்ட இன்னொன்றுதான் என்னைக் குத்தியது. கோச்சுக்குத் தான் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது சரியாகத் தெரிவதில்லை, பிள்ளைகள் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாலையில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் இல்லையா, நான் கத்துகிற ஆள் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் ஒருவன் பந்தை வெளியே அடித்தான். அது தரையைத் தொடுவதற்குள் என் பக்கம் திரும்பி, "சாரி சார்" என்றான். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

கண்டிப்பு தப்பென்று சொல்ல வரவில்லை. கண்டிப்பான கோச்சிடம் உயிரை விட்டு ஆடுகிற பிள்ளைகள் உண்டு. மகளின் கோச்சோடு சண்டைக்குப் போய்விடாதே, உன் கோபம் எனக்குத் தெரியும். மகளிடம், "அடிபட்டால் அவரிடம் சொல்வாயா?" என்று மட்டும் கேள். அவள் என்ன சொன்னாள் என்று உடனே எழுது. என்னைப் போல மூன்று வாரம் இழுக்காதே.

அன்புடன்,
உன் பழைய செட்டர்