ரெட்ரோ குறிப்பில் பெயர் கேட்கும் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள்

திட்ட நிர்வாகப் பிரிவின் தலைவர்களுக்கும், ஆண்டு மதிப்பீட்டைக் கவனிக்கும் மனிதவளத் துறையினருக்கும் வணக்கம்.

இந்த மாதத் தொடக்கத்தில் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையின் பின்னணியை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிட்ட ரிலீஸ் சொதப்பியது. இரவோடு இரவாகப் பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் கேள்வி கேட்டார், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி உங்களுக்கு. அதையொட்டி மூன்று ஆணைகள் வந்திருக்கின்றன. ரெட்ரோ, அதாவது ஒரு கட்ட வேலை முடிந்ததும் நடந்ததைக் குழுவாகத் திரும்பிப் பார்க்கும் கூட்டத்தில், போர்டில் ஒட்டும் ஒவ்வொரு குறிப்பிலும் எழுதியவர் பெயர் இருக்க வேண்டும். எங்கள் அப்ரைசலை (ஆண்டு மதிப்பீட்டை) எழுதும் டெலிவரி மேனேஜரே கூட்டத்துக்குத் தலைமை ஏற்க வேண்டும். கூட்டக் குறிப்பான மினிட்ஸை அவரவர் அப்ரைசல் கோப்பில் சேர்க்க வேண்டும்.

ரிலீஸ் ஏன் சொதப்பியது என்று தெரிந்துகொள்ள நீங்கள் நினைப்பது நியாயம். எங்களுக்கும் அதே அக்கறைதான். அந்த அக்கறையில்தான் கேட்கிறோம்: ரெட்ரோவில் சொன்ன எதுவும் அப்ரைசலுக்குப் போகக் கூடாது. மூன்று ஆணைகளையும் திரும்பப் பெறுங்கள்.

சுற்றறிக்கைக்குப் பிறகு போர்டில் என்ன எழுதப்படுகிறது என்று ஒருமுறை பாருங்கள். ‘கம்யூனிகேஷன் மேம்பட வேண்டும்.’ ‘டாக்குமென்டேஷன் போதவில்லை.’ ‘தேவைகள் முன்கூட்டியே தெளிவானால் நல்லது.’ ‘டீம் ஒர்க் அருமை.’ எந்தக் குறிப்பிலும் யாரும் மாட்டிக்கொள்ள முடியாது. எந்தக் குறிப்பை வைத்தும் எதையும் சரிசெய்யவும் முடியாது.

நம் ரிலீஸில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது உங்களுக்கே புரியும். எந்தக் குழுவிலும் நடக்கக்கூடிய ஒன்றை வைத்துச் சொல்கிறோம். டேட்டாபேஸ் மாற்றத்துக்கு ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) எழுதப்படுகிறது. டெஸ்ட் சர்வரில் அது ஐந்தே நிமிடத்தில் ஓடி முடிகிறது. நேரடிப் பயன்பாட்டில் மணிக்கணக்காக ஓடி, டேட்டா இருக்கும் டேபிளைப் பூட்டி வைத்து, சேவையையே நிறுத்திவிடுகிறது. விசாரித்தால் ‘டெஸ்டிங் போதவில்லை’ என்று ஒரு வரி கிடைக்கும். உண்மை அதற்கு இரண்டு படி கீழே கிடக்கும். டெஸ்ட் சர்வரில் இருந்தது பழைய டேட்டா. அளவிலும் நேரடி டேட்டாவில் ஒரு துளிதான். அதைப் புதுப்பிக்க இன்னொரு துறையின் அனுமதியும் இரண்டு நாள் அவகாசமும் வேண்டும். தேதி நெருங்கியபோது ‘இந்த முறை விட்டுவிடலாம்’ என்று யாரோ சொன்னார்கள், மற்றவர்கள் தலையாட்டினார்கள், அடுத்த ரிலீஸிலிருந்து யாரும் கேட்கக்கூட இல்லை.

‘டெஸ்ட் டேட்டாவை நாம் புதுப்பிக்கவே இல்லை’ என்ற குறிப்பைப் பெயரோடு யார் எழுதுவார்? புதுப்பிக்கும் பொறுப்பில் இருப்பவர் எழுதினால் அது வாக்குமூலம். பக்கத்து இருக்கைக்காரர் எழுதினால் காட்டிக்கொடுத்தல். டீம் லீட் எழுதினால், தன் கீழே வேலை செய்பவர் மேல் பழி போட்டதாகும். ‘விட்டுவிடலாம்’ என்று சொன்னவர் இதே மேனேஜராக இருந்து, அவரே தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த ஒரு வரி தெரியாத வரை அதே கோளாறு அடுத்த ரிலீஸிலும் வரும். அந்த வரியை எழுத விடாமல் செய்திருப்பது உங்கள் சுற்றறிக்கை.

மடியில் கனம் இல்லாதவருக்கு வழியில் பயம் எதற்கு என்று உங்கள் தரப்பில் கேட்கப்பட்டதாக அறிகிறோம். ஒரு திட்டத்தில் வேலை செய்த எல்லார் மடியிலும் கனம் உண்டு. விட்டுவிட்ட சோதனை, கேட்காமல் விட்ட கேள்வி, நம்பாமலே ஒப்புக்கொண்ட தேதி. ரெட்ரோவில் நமக்கு வேண்டியதே அந்தக் கனம்தான்.

இது சாஃப்ட்வேர் ஆட்களின் சலுகை மனப்பான்மை என்று தோன்றினால் விமானத் துறையைப் பாருங்கள். 1974 டிசம்பர் 1ஆம் தேதி, வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த டிடபிள்யூஏ என்ற நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். தரையிறங்க வரலாம் என்று கட்டுப்பாட்டு அறை தந்த அனுமதியை, உடனே உயரத்தைக் குறைக்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஆறு வாரம் முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானமும் அதே இடத்தில் அதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள். செய்தி அந்த நிறுவனத்தைத் தாண்டவில்லை.

அதன்பின் 1975இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தானே ஒரு புகார்த் திட்டம் தொடங்கியது. தண்டிக்கும் அதிகாரம் உள்ளவர்களிடமே போய்த் தவறைச் சொல்ல விமானிகள் தயங்கினார்கள். எனவே 1976இல் அறிக்கைகளைப் பெறும் வேலை நாசாவிடம் போனது. விமானிகளைத் தண்டிக்க நாசாவுக்கு அதிகாரம் கிடையாது. அறிக்கையில் எழுதியவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிய பிறகே அது தரவுத்தளத்தில் ஏறும். அந்த அறிக்கையைக் கொண்டு நிர்வாகம் நடவடிக்கை எடுக்க விதி இடம் தராது. குற்றச் செயலும் விபத்தும் மட்டும் விலக்கு. உயிர் போகும் தொழிலிலேயே கேட்கும் கையையும் தண்டிக்கும் கையையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் இரண்டையும் ஒரே மேனேஜரிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

பெயர் இல்லாவிட்டால் பொறுப்பே இருக்காது என்பது உங்கள் கவலையாக இருக்கலாம். நடந்ததைச் சொல்லும் இடத்தில் பெயர் வேண்டாம் என்கிறோம். இனிச் செய்யப்போவதை எழுதும் இடத்தில் பெயர் கட்டாயம் வேண்டும். இரண்டு வார ஸ்பிரின்ட் (ஒரு சுற்று வேலைக்கான காலம்), எட்டுப் பேர் கொண்ட குழு என்றால் 90 நிமிடம் தேவை. அதை இப்படிப் பிரிக்கலாம்.

முதல் பத்து நிமிடத்தில் போன முறை எடுத்த முடிவுகள் என்ன ஆயின என்று வாசிக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் மீதி எல்லாம் நாடகம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதோடு ஒரு ரகசிய வாக்கெடுப்பு: ‘இந்த அறையில் மனதில் பட்டதைச் சொல்ல முடியுமா?’ என்பதற்கு 1 முதல் 5 வரை ஓர் எண். ஒரே மாதிரித் தாள், ஒரே நிறப் பேனா, மடித்துப் போட்டுக் கலக்கி எண்ணுவது, எண்ணியதும் கிழித்துவிடுவது. எட்டுப் பேரில் இருவர் 1 அல்லது 2 போட்டிருந்தாலும் திட்டமிட்டதை ஓரமாக வைத்துவிட்டு, பேச எது தடையாக இருக்கிறது என்பதையே அன்றைய பொருளாக்க வேண்டும். 1 போட்டது யார் என்று சுற்றுமுற்றும் பார்ப்பவர் கூட்டத்தை நடத்தத் தகுதியற்றவர்.

அடுத்த 25 நிமிடம் தகவல் திரட்ட. சுவரில் நீளமாகக் கோடு போட்டு, புரோகிராம் மாற்றம் சேர்ந்த (கமிட்) தேதி, ஒரு வேலைக்கோ கோளாறுக்கோ டிக்கெட் திறந்த நாள், ரிலீஸ் நேரம், யாராவது விடுப்பில் போன நாள் எல்லாவற்றையும் கூட்டத்துக்கு முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும். நினைவை மட்டும் நம்பினால் கடைசி மூன்று நாள் மட்டுமே பேசப்படும். பிறகு ஏழெட்டு நிமிடம் யாரும் பேசாமல் எழுத வேண்டும். மூத்தவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் எழுதுவது அவர் சொன்னதன் எதிரொலிதான். கூட்டத்தை நடத்துபவர் தாள்களை வாங்கி, கலந்து, தானே ஒட்ட வேண்டும். ஆன்லைனில் என்றால் பெயர் மறைக்கும் வசதியைப் போட்டுவிட்டு, எல்லாரும் எழுதி முடித்த பின்புதான் போர்டைத் திறக்க வேண்டும்.

அடுத்த அரை மணி நேரம் காரணத்துக்கு. முக்கியம் என்று படும் குறிப்புகள் மேல் புள்ளி வைக்க ஆளுக்கு மூன்று வாக்கு, எல்லாரும் ஒரே நேரத்தில் போட வேண்டும். வரிசையாகப் போட்டால் முதல் புள்ளி விழுந்த இடத்திலேயே மற்றதும் விழும். அதிக வாக்கு வாங்கிய ஒன்றிரண்டை மட்டும் எடுத்துத் தோண்டலாம். இங்கேதான் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கும் வழக்கம் வம்பில் முடிகிறது. ‘ஏன் பார்க்கவில்லை?’ என்று கேட்டால் மூன்றாவது கேள்வியிலேயே ஓர் ஆள் சுவரில் சாய்ந்து நிற்பார். ‘அன்று திரையில் என்ன தெரிந்தது? அது சரி என்று தோன்ற என்ன காரணம்?’ என்று கேட்டால் அனுமதி வாங்க இரண்டு நாள் ஆகும் கதை வெளியே வரும்.

மீதி நேரம் முடிவெடுக்க. ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ‘டெஸ்டிங்கில் கவனம் செலுத்துவோம்’ என்பது முடிவாகாது. ‘ரிலீஸுக்கு மூன்று நாள் முன்பு டெஸ்ட் டேட்டா புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ரிலீஸ் பட்டியலில் அடுத்த கட்டம் திறக்காது, பட்டியலை மாற்றுபவர் இன்னார், அடுத்த புதன்கிழமைக்குள்’ என்பது முடிவு. இந்த ‘இன்னார்’ என்ற இடத்தில் பெயரைத் தாராளமாகப் போடுங்கள். யாருடைய அதிகாரத்துக்கும் எட்டாத அனுமதி விஷயம் மேனேஜரிடம் போகும். அவருக்கு இந்தக் கூட்டத்தில் இடம் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு வந்து, தன் கையில் இருப்பதை எப்போது செய்து தருவார் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவர் முகத்தைப் பார்க்க எல்லாருக்கும் ஆசையாக இருக்கும் நேரம் அதுதான்.

அந்த முடிவுக்கான வேலை அடுத்த ஸ்பிரின்ட்டின் கணக்கில் ஏற வேண்டும். முந்தைய ரெட்ரோவில் கண்ட முக்கியமான மேம்பாடு ஒன்றாவது ஸ்பிரின்ட் பேக்லாகில் (அந்தச் சுற்றின் வேலைப் பட்டியலில்) இருக்க வேண்டும் என்று, இப்படிச் சுற்றுச் சுற்றாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறைக்கான 2017ஆம் ஆண்டின் வழிகாட்டி சொன்னது. 2020இல் அதைத் தளர்த்தி, சேர்த்துக்கொள்ளலாம் என்ற அளவில் விட்டுவிட்டார்கள். நம் இடத்தில் அந்தத் தளர்வு மட்டும் உடனே அமலுக்கு வந்தது.

சொல்ல வந்துவிட்டோம், மற்றதையும் சொல்லிவிடுகிறோம். ஒரு மாத ஸ்பிரின்ட்டுக்கு மூன்று மணி நேரம் வரை போகலாம் என்று அதே வழிகாட்டி சொல்லும்போது, எங்களுக்குக் கிடைப்பது வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு அரை மணி நேரம். உங்கள் டாஷ்போர்டில் ‘ரெட்ரோ நிறைவு விகிதம்’ நூறு சதவீதம், பச்சை நிறத்தில் மின்னுகிறது. தலைக்கு எத்தனை குறிப்பு என்றுகூட ஒரு வரைபடம் இருக்கிறது, வாழ்த்துகள். ‘பிரச்சினைகள்’ என்ற கட்டத்தில் குறிப்புகள் குறைந்து வருவதை முன்னேற்றமாகக் காட்டியிருக்கிறீர்கள். மருத்துவமனைக் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மன்ட்சன் 1996இல் எழுதியதை யாராவது உங்களுக்கு எடுத்துச் சொன்னால் நல்லது. நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் பதிவான பிழைகள் அதிகம். அங்கே சொல்ல முடிந்தது, சொன்னார்கள்.

நீங்கள் தந்த டெம்ப்ளேட்டின் தலைப்பகுதி இதைவிட அருமை. அன்று தெரிந்த தகவல், இருந்த வசதி, நிலவிய சூழல் இவற்றுக்குள் ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதையே செய்தார்கள் என்று நம்பித் தொடங்க வேண்டும் என்ற, ரெட்ரோ பற்றி நூல் எழுதிய நார்மன் கெர்த்தின் கருத்தை அழகான எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதற்கு நேர் கீழே ஒரு கட்டம்: ‘ஊழியர் எண்’.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டோம்.

மிரட்டல், பணமோசடி, தொல்லை போன்றவற்றை ரெட்ரோவுக்குள் ஒளித்துவைக்க நாங்கள் கேட்கவில்லை. அவற்றுக்குத் தனி வழி இருக்கிறது, அங்கேதான் போக வேண்டும். ஒருவருடைய வேலைத் திறனில் குறை இருந்தால், மேனேஜர் அதை அவரோடு தனியாக உட்கார்ந்து பேசலாம். ஆனால் அதற்கான ஆதாரத்தை ரெட்ரோ போர்டில் தேடக் கூடாது. போர்டிலிருந்து வெளியே போக வேண்டியது ஒரே ஒரு பக்கம். எடுத்த முடிவு, பொறுப்பாளர், தேதி, மேலிடத்திலிருந்து வேண்டிய உதவி. அதையும் அறையில் இருப்பவர்கள் படித்துச் சம்மதித்த பிறகே அனுப்ப வேண்டும். மூலக் குறிப்புகளை அன்றே அழித்துவிட வேண்டும்.

எனவே தயவுசெய்து மூன்றையும் செய்யுங்கள். பெயர் கேட்கும் ஆணையை நீக்குங்கள். அப்ரைசல் எழுதுபவர் ரெட்ரோவை நடத்த வேண்டாம். வேறு குழுவிலிருந்து ஒருவர் வந்து நடத்தட்டும், பதிலுக்கு எங்களில் ஒருவர் அங்கே போவார். ரெட்ரோவில் சொன்னது அப்ரைசலுக்குப் போகாது என்பதை, முதல் சுற்றறிக்கை போன அதே பட்டியலுக்கு, அதே கையொப்பத்தோடு எழுத்தில் அனுப்புங்கள். வாய்மொழி உறுதி போதாது. ஏற்கெனவே கோப்புகளில் சேர்ந்துவிட்ட மினிட்ஸையும் எடுத்துவிட வேண்டுகிறோம்.

அந்த ரிலீஸுக்கான ரெட்ரோவை இன்னும் நடத்தவில்லை. உங்கள் பதில் வரும் வரை தள்ளிவைத்திருக்கிறோம். அதற்கான காலக்கோடு தயாராக இருக்கிறது; முழுதாக அரை நாளும், கதவு மூடும் ஓர் அறையும் ஒதுக்கித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ரெட்ரோ கூட்டங்களை நடத்தும் குழுவினர்