தெருமுனைக் கேமரா

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மா மறுபடி கோயிலுக்கு நடந்தே போய்வருகிறார் என்று படித்ததும் மனசு நிறைந்தது.

தெருவில் கேமரா வைக்க வசூல் நடக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்ல காரியம். இங்கே சென்னையில் போலீஸ் 'மூன்றாவது கண்' என்று 50 மீட்டருக்கு ஒரு கேமரா வைக்கச் சொன்ன காலத்தில், எங்கள் நங்கநல்லூர் தெருவிலும் கைக்காசு போட்டுத்தான் வைத்தோம். விடியற்காலையில் பயமில்லாமல் வாசல் தெளிக்கலாம் என்று பெண்களுக்கு அவ்வளவு நிம்மதி.

ஆனால் போன மாதம் ஒரு கேமராவைப் பழுது பார்க்க வந்த பையன் காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியைத் தொடவே இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து தன் செல்போனில் ஏதோ தட்டினான், எங்கள் தெரு முழுசும் அதில் ஓடியது. எதிர்வீட்டு அம்மா திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முருங்கைக்கீரை என்றுகூடத் தெரிந்தது. "பாஸ்வேர்டு எப்படித் தம்பி தெரியும்?" என்றேன். "பெட்டியோட வந்ததுதான் சார், யாரும் மாத்தறதில்ல" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

2016இல் மிராய் என்ற வைரஸ் இப்படிக் கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் வளைத்துப்போட்டுத்தான் டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸையெல்லாம் திணற அடித்தது. அடுத்த ஜனவரியில், அமெரிக்க அதிபர் பதவியேற்புக்குச் சில நாள் முன்பு, இணையத் திருடர்கள் வாஷிங்டன் போலீஸின் 187 கேமராக் கணினிகளில் 123ஐ முடக்கிப் பணம் கேட்டார்கள். நம் தெருவுக்கு யார் காவல், சொல்?

இன்னொன்றும் உறுத்துகிறது. கடைசி வீட்டுப் பெரியவரை பைக் இடித்துவிட்டுப் போனபோது, பதிவைக் கேட்டு அவர் மகள் அலையாய் அலைந்தார். யார் எடுத்துத் தருவது என்று எங்களுக்கே தெரியவில்லை. அதற்குள் பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க இன்றும் கூசுகிறது.

அதனால் நீ முதல் நாளே பாஸ்வேர்டை மாற்றிவிடு. வெளியிலிருந்து பார்க்கும் வசதி தேவையில்லை என்றால் மூடச் சொல். யார், எப்போது, எதற்காகப் பதிவைப் பார்த்தார்கள் என்று ஒரு நோட்டுப் போடு. பாதிக்கப்பட்டவர் வந்து கேட்டால் யார் எடுத்துக் கொடுப்பது என்பதையும் இப்போதே கூட்டத்தில் முடிவு பண்ணிவிடுங்கள். அப்புறம், 2025 ஏப்ரலிலிருந்து புதுக் கேமராக்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். கடையில் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கு.

எங்கள் பழைய வீடும் உன் தெருதானே. என் பேருக்கும் ஒரு ரசீது போட்டு வை, பொங்கலுக்கு வரும்போது தருகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்